சமுத்திரமும் நாலேக்கர் வயலும்

பட்டிப்பளையாறு என்று எங்கள் முன்னோர் வழங்கிய ஆற்றைக் கல்லோயா என்றே இன்று நாடறியும். இங்கினியாகலையில் அவ்வாற்றை மறித்துக் கட்டிய அணையின் பின்னே பரந்து கிடக்கும் நீர்த்தேக்கத்துக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர். பொலன்னறுவையிலே பராக்கிரமபாகு மன்னனின் பெயரால் ஒரு சமுத்திரம் உண்டு. குளங்கட்டிய மன்னரின் வரிசையிலே, வாக்குப் பெற்றுப் பதவிக்கு வந்த ஒரு பிரதமரின் பெயரும் இவ்வாறு இடம்பெற்றுவிட்டது. அப்பெயரைச் சொல்லும்போது நன்றியால் நெகிழ்வோர் உளர். தம் மண்மீது குத்தப்பட்ட முத்திரை என அதனை நினைந்து கசப்போரும் உளர். அந்நீர் பாய்ந்த நாலேக்கர் வயலின் நெல்லை உண்டு வளர்ந்த குடும்பமொன்றிலே பிறந்தவள் நான். ஆதலால் இவ்விரு திறத்தாரின் கூற்றையும் எட்டநின்று கேட்டுவிட்டுப் போக என்னால் இயலவில்லை.

டி. எஸ். சேனநாயக்காவைப் பற்றி நம்மிடையே வழங்கும் சித்திரங்கள் இரண்டேயாகும். ஒன்று, சுதந்திர சதுக்கத்திலே சிலையாக நிற்கும் தேசபிதா. காடுவெட்டிக் கழனி கண்டு, காணியற்றவனுக்குக் காணி கொடுத்த வள்ளல். மற்றது, தமிழ் பேசும் மக்களின் நிலத்தைக் கணக்கிட்டுக் கூறுபோட்ட குடியேற்றத்தின் சூத்திரதாரி. விவாத மேடைகளில் நாம் இவற்றுள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து மற்றதை வீழ்த்த முயல்கின்றோம். ஆனால் இரண்டும் ஒரு வகையில் ஒத்தவையே. இரண்டுமே அம்மனிதரைப் பேருருவாக்கிக் காட்டுகின்றன. அவர் விட்டுச்சென்ற கருவியை நம் கண்ணிலிருந்து மறைக்கின்றன. அக்கருவியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் அவர் வாழ்ந்த காலத்தை நோக்குதல் தகும். 1884இல் பிறந்த சேனநாயக்கா, காரீயச் சுரங்கத்தால் செல்வம் பெற்ற குடும்பத்தவர். ஏட்டுப் படிப்பில் சிறந்தவரல்லர். பள்ளித் தோழர் அவருக்குக் 'காட்டு ஜோன்' என்று பட்டஞ்சூட்டியிருந்தனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கில அரசு அவரையும் சகோதரரையும் சிறையிலிட்டது. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தபோது கமத்தொழில், காணி அமைச்சரானார். 1947இல் பிரதமராகுமுன் பல ஆண்டுகள் அப்பொறுப்பு அவரிடமே இருந்தது. 1952 மார்ச் 21ஆந் தேதி காலிமுகத் திடலில் குதிரைமீது சென்றபோது தவறி வீழ்ந்து மறுநாள் காலமானார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நாட்டின் காணிக் கொள்கை ஒரே மனிதரின் எண்ணத்தையொட்டி உருவாயிற்று என்பது மிகையன்று.

அவர் எதிர்நோக்கிய பிரச்சினையும் பொய்யானதன்று. உண்ணும் அரிசியின் பெரும்பகுதியைப் பிறநாட்டிலிருந்து கப்பலில் எதிர்பார்த்திருந்த நாடு இது. ஈரவலயத்திலே சனத்தொகை பெருகியது. மலையகத்திலே பெருந்தோட்டங்கள் கிராமத்தைச் சூழ்ந்து நெருக்கின. உலர்வலயமோ இடிந்த குளங்களும் மலேரியாவும் மண்டிக் கிடந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், அதே ஆண்டில் 'விவசாயமும் தேசபக்தியும்' என்ற பொருளுடைய தலைப்பில் அவர் எழுதிய நூலும் இப்பின்னணியிலேயே தோன்றின. மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளத்தின் கீழ்க் குடியேற்றம் நிறுவப்பட்டது. அக்காலத்திலேயே வடக்கில் இரணைமடுக் குளத்தின் கீழ்க் கிளிநொச்சிக் குடியேற்றமும் எழுந்தது; குடாநாட்டுத் தமிழர் பலர் அதன்வழி காணி பெற்றனர். ஆகவே அமைச்சரின் முதற்பத்தாண்டு முழுவதையும் ஓர் இனத்துக்கெதிரான சதியென்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வரலாறாகாது.

எனினும் அத்திட்டங்களை இயக்கிய கனவுக்கு ஓர் உருவம் இருந்தது. இடிந்த குளங்களைப் புதுப்பித்தல் என்பது அக்கனவிலே நீர்ப்பாசன வேலை மட்டுமன்று. பண்டைச் சிங்கள இராச்சியங்களின் பெருமையை மீட்டெடுத்தலுமாகும். அக்கனவினூடு பார்த்தபோது உலர்வலயம் மீட்பாருக்காகக் காத்துக் கிடக்கும் வெற்று நிலமாகத் தோன்றியது. அது வெற்று நிலமன்று. பட்டிப்பளையாற்றின் கீழ்ப்புறத்தே தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக நெற்செய்கை பண்ணினர். போடிமார் தம் வட்டைகளை முல்லைக்காரரைக் கொண்டு பயிரிட்டனர். மழையையும் ஆற்றுப் பெருக்கையும் சிறு குளங்களையும் நம்பி மாரிப்போகம் நடந்தது. மேற்புறக் காட்டிலே வேடர் வேட்டையாடித் தேனெடுத்து வாழ்ந்தனர். நீர்த்தேக்கம் நிறைந்தபோது அவர்களின் காடும் நீரில் ஆழ்ந்தது. இந்நிலத்துக்கு யார் மூத்தவர் என்று தமிழரும் சிங்களவரும் வாதிடும் கூட்டங்களிலே அவர்களின் பெயரை எடுப்பார் அரியர்.

1949ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே ஒரு திருப்பமாகும். அவ்வாண்டிலேதான் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. ஓர் அமெரிக்க நிறுவனம் இயந்திரங்களோடு வந்து அணைவேலையை மேற்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரிலேதான் எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். 1951இல் திருகோணமலையில் நடைபெற்ற அக்கட்சியின் முதலாவது மாநாடு, தமிழ் பேசும் பிரதேசங்களில் அரசு நடத்தும் குடியேற்றத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. மொழிப் பிரச்சினை வெடிப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே காணிப் பிரச்சினை அரசியற் பிரச்சினையாகிவிட்டது என்பது இங்கே கருதத்தக்கது.

என் தாயைப் பெற்ற அம்மப்பா கரையோரத்துக் கிராமமொன்றிலே போடியாரின் வயலில் முல்லைக்காரராக இருந்தவர். இடதுகரை வாய்க்கால் வெட்டும் வேலைக்குக் கூலியாளாகச் சென்றார். பின்னர், அவ்வாய்க்காலின் கடைக்கோடியிலே தமிழர்க்கென்றும் முஸ்லிம்களுக்கென்றும் ஒதுக்கப்பட்ட குடியேற்றக் கிராமங்களுள் ஒன்றிலே நாலேக்கர் வயலும் மேட்டுக்காணியும் அவருக்குக் கிடைத்தன. அக்கிராமங்களுக்குப் பெயரில்லை, இலக்கமே உண்டு. இன்றும் எங்கள் பகுதியில் ஒருவரை எந்த ஊரென்று வினவினால் எண்ணொன்றைச் சொல்லி அதனோடு 'கொலனி' என்றோ 'கிராமம்' என்றோ சேர்த்துச் சொல்வார். பிறர் வயலில் உழுதவனுக்குத் தன் பெயரிலே ஒரு பத்திரம் கிடைத்தது அம்மப்பாவின் வாழ்விலே எவ்வளவு பெரிய நிகழ்ச்சி என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர் சேனநாயக்காவை ஏசியதை என் தாயார் ஒருநாளும் கேட்டதில்லையாம். "அந்த மனிசன் தந்தது காணி, போடியார் தந்தது கடன்" என்பாராம். தமிழரசுக் கட்சிக்கே ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களித்த மனிதர் இவ்வாறு சொன்னார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. காணியற்ற தமிழனின் நன்றியும் தமிழ் பேசும் மக்களின் அச்சமும் ஒரே நெஞ்சிலே குடியிருக்கக்கூடியவை. முன்னதை மறைத்துப் பின்னதை மட்டும் பேசும் அரசியல் பெரும்பாலும் போடியார்களின் திண்ணையிலேயே பிறந்தது.

ஆனால் அந்நாலேக்கர் அமைந்திருந்த இடமும் ஒரு செய்தியைச் சொல்லுகிறது. இடதுகரை வாய்க்காலின் தலைப்புறத்தே நாட்டின் பிற பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்கள் குடியிருத்தப்பட்டன. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஏறத்தாழ 150 குடும்பங்கள் என்பது திட்டத்தின் அளவு. கீழ்க்கோடியிலே தமிழரும் முஸ்லிம்களும் இருந்தனர். வாய்க்காலுக்குத் தலையும் கடையும் உண்டு. தலைப்புறத்தான் வேண்டியமட்டும் பாய்ச்சிய பின்பே கடைக்கோடியானுக்கு நீர் வரும். சிறுபோகத்திலே பல ஆண்டுகள் வராமலே போகும். இனங்களுக்கிடையிலான உறவு இவ்வாறு மண்ணின் சரிவிலேயே எழுதப்பட்டுவிட்டது. எவரும் எவரையும் பகைக்காத ஆண்டிலும்கூட, நீரில்லாத கமக்காரன் மேலே நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே வேற்றுமொழி பேசுவோனே தெரிந்தான்.

1956 ஜூன் மாதத்தில், தனிச்சிங்கள மசோதா பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களிலே, கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்மீது வன்செயல் கட்டவிழ்த்துவிடப்பட்டது. சுதந்திர இலங்கையில் நிகழ்ந்த முதலாவது பெரிய இனக்கலவரம் அதுவேயாகும். விதைநெல் வாங்குவதற்காக அம்பாறைக்குச் சென்றிருந்த அம்மப்பா, பகலில் பற்றையிலே பதுங்கியும் இரவில் வயல்வரம்பு வழியே நடந்தும் கரையோரம் வந்து சேர்ந்தார். சேனநாயக்கா இறந்து அப்போது நான்காண்டுகள் கழிந்திருந்தன. அவர் அக்கலவரத்தைச் செய்யச் சொன்னவரல்லர். ஆயினும் வேரற்ற இளைஞர் பலரை ஓரிடத்தில் குவித்து, இரு சமூகங்களையும் ஒரே வாய்க்காலின் இரு முனைகளிலே வைத்து, அவற்றுக்கிடையே எழும் பிணக்கைத் தீர்ப்பதற்கு உள்ளூரிலே எந்த மன்றத்தையும் அமைக்காமல், எல்லா அதிகாரத்தையும் கொழும்பிலிருந்து நடத்தப்பட்ட ஒரு சபையிடம் ஒப்படைத்த திட்டத்தின் பொறுப்பிலிருந்து அவரது பெயரைக் கழற்றிவிடவும் இயலாது.

எண்களும் தம் கதையைச் சொல்லும். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தில் சிங்களவர் ஏறத்தாழ 6 சதவீதத்தினர். 1961இல் அம்மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1981இல் அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 42 சதவீதம், சிங்களவர் 38 சதவீதம், தமிழர் 20 சதவீதம். எல்லைகள் வேறாதலின் இவ்விரண்டையும் நேருக்குநேர் ஒப்பிடுதல் பொருந்தாது; தாமாகவே வந்து குடியேறியோரும் பலர் என்பதும் உண்மை. எனினும் ஒரு தலைமுறைக் காலத்துள் ஒரு பிரதேசத்தின் வாக்காளர் தொகுதி உருமாறியதை இவ்வெண்கள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன. காணி கொடுத்தல் என்பது பிரதிநிதித்துவத்தையும் கொடுத்தலாகும். காணியைப் பொருளாதாரமாகவும் வாக்கை அரசியலாகவும் பிரித்துப் பேசும் பாடநூல்கள் இதனை உணர்த்துவதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது விடுதியிலே என் அறையைப் பகிர்ந்தவர் அம்பாறைப் பகுதியிலிருந்து வந்த சிங்கள மாணவி. என்னிலும் ஓராண்டு மூத்தவர். அவரை நான் அக்கா என்று அழைப்பேன். அச்சொல் இரு மொழிக்கும் பொதுவாயமைந்தது எமக்கு வசதியாயிற்று. அவருடைய பாட்டனார் கேகாலைப் பக்கத்திலே காணியில்லாத குடும்பத்திலிருந்து 1950களின் தொடக்கத்தில் கல்லோயாவுக்கு லொறியிலே கொண்டுவரப்பட்டவர். யானையும் காடும் சூழ்ந்த இடத்திலே முதற் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவர்களின் வீட்டு முன்னறையிலே சேனநாயக்காவின் படம் மாட்டப்பட்டிருக்கிறதாம். மார்ச் 22ஆந் தேதி அதன்முன் விளக்கேற்றுவார்களாம். நான் 1956ஐப் பற்றிக் கேட்டேன். அந்த ஆண்டைப் பற்றித் தம் வீட்டில் எவரும் ஒருபோதும் பேசியதில்லை என்றார். சற்றுநேரங் கழித்து, "உங்கள் வீட்டில் பேசுவார்களா?" என்று கேட்டார். "வேறெதைப் பேசுவார்கள்?" என்றேன். அதன்பின் அன்றிரவு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் பிறிதொருநாள் எங்கள் இரு வீட்டுப் பத்திரங்களைப் பற்றியும் பேசினோம். அப்போதுதான் எங்களை இணைக்கும் பொருள் எதுவென்பது துலங்கிற்று. இரு பாட்டன்மாருக்கும் கிடைத்தது ஒரே கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். ஊரார் பேச்சில் 'பேமிற்'. அது உறுதியன்று. அதனை வைத்து விரும்பியவாறு விற்க இயலாது, ஈடுவைக்க இயலாது, பிள்ளைகளுக்குப் பகிர்ந்தெழுதவும் இயலாது. காணி துண்டுபடக்கூடாது, கடன்காரன் கையிற் சிக்கக்கூடாது என்பதே இவ்விதிகளின் நோக்கம். சேனநாயக்கா தந்தையின் அக்கறையோடே இதனைச் செய்தார் என்று நம்பலாம். தந்தையின் அக்கறை பிள்ளையை வளரவிடாமலும் தடுக்கும். அக்காவின் தந்தையாருடன் பிறந்தோர் அறுவர். அவர்களுள் ஒருவருக்கே காணி. ஏனையோருள் ஒருவர் இராணுவத்திற் சேர்ந்து போரில் இறந்தார். இருவர் ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்றனர். காணியற்றவனுக்குக் காணி கொடுத்த திட்டம் அடுத்த தலைமுறையிலே மீண்டும் காணியற்றவரையே ஈன்றது.

எங்கள் வீட்டில் அதன் விளைவு வேறு. மட்டக்களப்புப் பிரதேசத்தின் மரபு தாய்வழியைத் தழுவியது. வீடும் வளவும் வயலும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்லும். மருமகன் பெண்வீட்டுக்கு வருவான். கட்டளைச் சட்டத்தின் அட்டவணையோ, பின்னுரிமையாளரை நியமிக்காது ஒருவர் இறப்பின், மகளுக்கு முன் மகனையும் இளையோனுக்கு முன் மூத்தோனையும் வைத்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டு ஊர் கலைந்தபோது அம்மப்பா பத்திரத்தை இடுப்பிலே கட்டிக்கொண்டு வெளியேறினார்; ஊர் திரும்புமுன் அகதிமுகாமிலே இறந்தார். நியமனம் எழுதியிருக்கவில்லை. அம்மம்மா இருந்தவரை காணி அவர் கையில் இருந்தது. அவருக்குப்பின், பெற்றோரைப் பராமரித்து அவ்வயலைப் பல்லாண்டு செய்த என் தாயாருக்குச் சட்டத்தின் கண்ணில் எந்த உரிமையும் இல்லையென்றாயிற்று. மூத்த மாமா நல்லவர். "தங்கச்சிக்கே எழுதித்தாறன்" என்றே அலுவலகத்துக்குப் போனார். எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கில்லை என்று அங்கே சொன்னார்கள். கொடுக்க விரும்பிய அண்ணனுக்கும் பெற வேண்டிய தங்கைக்கும் இடையே நின்றது அரசு. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பின்னுரிமையில் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. எங்கள் வீட்டுக் கதை அதற்கு முன்னரே முடிந்துபோயிற்று. என் தாயார் இன்று அவ்வயலைத் தன் தமையனின் பெயரிலேயே செய்கிறார். தான் பிறந்த மண்ணிலே அவர் மீண்டும் முல்லைக்காரி.

இவ்விரு குடும்பங்களின் கதையையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போதே, சேனநாயக்கா விட்டுச்சென்ற கருவி யாது என்பது எனக்குப் புலப்பட்டது. காணி மக்களுடையதன்று, அரசினுடையது, அதனை யாருக்கு, எங்கே, எந்நிபந்தனையில் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது மேலேயுள்ளவரின் திருவுளம். அக்கருவி இதுவே. இதனைப் புதிதாகப் படைத்தவரும் அவரல்லர். ஆங்கில அரசு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால், பயிர்செய்யப்படாத நிலமெல்லாம் முடிக்குரியதென்று கொண்டு, அதனைத் தோட்டத்துரைமாருக்கு விற்றது. அந்த அநீதிக்கு மாற்றாகவே சேனநாயக்கா காணியைக் குடியானவனுக்குக் கொடுத்தார். பெறுபவனை மாற்றினாரேயன்றிக் கொடுக்கும் கையின் அதிகாரத்தை அவர் மாற்றவில்லை. முடிக்குரிய காணி அரச காணி எனப் பெயர் பெற்றது, அவ்வளவே. கொடுக்கும் கை ஒருவனுடையதாயின் அக்கைக்கு ஒரு மொழியும் ஒரு நினைவும் ஓர் அச்சமும் இருக்கும். தேர்தல் அரசியலிலே அக்கை பெரும்பான்மையினரின் கையாகவே அமையும். சேனநாயக்கா நல்லவராயினும் தீயவராயினும் இம்முடிவு மாறாது.

இதனை அவருக்குப் பின்வந்தோரும் உணர்ந்திருந்தனர். 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம், குடியேற்றத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு அளிக்க முன்வந்தது. அப்போதுங்கூடக் கல்லோயாச் சபையின் கீழிருந்த பகுதியின் நிலை பின்னர் ஆராயப்பட வேண்டியதென்றே அதில் விடப்பட்டது. ஆராயப்படுமுன் 1958 ஏப்ரலில் ஒப்பந்தமே கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24ஆந் தேதி, தந்தை இறந்து பதின்மூன்றாண்டுகளும் இரு நாட்களும் கழிந்த நிலையில், மகன் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு உடன்பாடு செய்தார். வடக்கு கிழக்கில் காணி வழங்குகையில் முதலில் அம்மாவட்டத்துக் காணியற்றோர், அடுத்து அவ்விரு மாகாணங்களின் தமிழ் பேசுவோர், அதன்பின்னரே ஏனையோர் என்பது அதன் வரிசை. தந்தையின் சட்டத்தைத் திருத்துவதற்கு மகனே உடன்பட்டார். அவ்வுடன்பாடும் நிறைவேறவில்லை, 1968இல் தமிழரசுக் கட்சி அவரது அரசிலிருந்து விலகிற்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாணசபைகளின் விடயமாக்கித் தேசிய காணி ஆணைக்குழுவொன்றையும் விதித்தது. முப்பதாண்டுகள் கடந்தும் அவ்வாணைக்குழு அமைக்கப்படாதிருந்தது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, ஒருவரும் அக்கருவியைக் கைவிட விரும்பவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. சேனநாயக்காவைத் தமிழ்த் தலைவர்கள் நம்பினர். 1945 நவம்பரில் அரசாங்க சபையிலே சோல்பரித் திட்டத்தை ஏற்கும் தீர்மானம் 51க்கு 3 என்ற வாக்குகளால் நிறைவேறியபோது தமிழ் உறுப்பினர் பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றனர். சிறுபான்மையினர் அஞ்சவேண்டியதில்லை என்று அவர் அன்று உறுதி கூறியிருந்தார். அவருடைய முதல் அமைச்சரவையில் சி. சுந்தரலிங்கமும் சி. சிற்றம்பலமும் இருந்தனர், 1948இல் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் சேர்ந்தார். அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளர் மிகப்பெருந் தொகையினர் நாடற்றோராயினர். காணியைப் பெறத்தக்கவர் யார் என்ற கேள்வியில் அம்மக்கள் அதற்கு முன்னரே புறத்தே நிறுத்தப்பட்டிருந்தனர். மலையகத்தில் நிலத்தை வளமாக்கியவனுக்கு நிலமில்லை. கிழக்கில் நிலத்தில் இருந்தவனுக்கு அதனைப் பகிரும் உரிமையில்லை. இவை இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். முதலாவதன்போது நம்மிற் பலர் மௌனம் காத்தனர், இரண்டாவதன்போது விழித்தெழுந்தனர். அம்மௌனமும் சேனநாயக்காவின் மரபுரிமையிலே நமக்குள்ள பங்கென்றே நான் கருதுகிறேன்.

இனி, அவர் கட்டிய சமுத்திரத்தின் வரலாற்றிலே அவர் எண்ணியிராத ஓர் அத்தியாயமும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால்களைப் புனரமைக்கும் வேலை நடைபெற்றபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து கமக்காரரை அமைப்பாக்கும் முயற்சியில் ஈடுபட்டன. அதற்கென அமர்த்தப்பட்டவர் பெரும்பாலும் வேலையற்றிருந்த பட்டதாரி இளைஞர்கள். நம்மைப் போலப் பல்கலைக்கழகத்திலிருந்து சென்றவர்கள். 1981இல் அவர்கள் வேலை தொடங்கியபோது நீர்த்தேக்கம் கால்வாசியளவே நிறைந்திருந்தது. தன் வயலுக்கே நீர் போதாதென்று அஞ்சத்தக்க காலம். அந்நிலையிலும் தலைப்புறத்துக் கமக்காரர் வாய்க்காலைத் தாமே துப்புரவு செய்து, முறைவைத்துப் பாய்ச்சி, மிஞ்சிய நீரைக் கீழே விட்டனர். மேலே இருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கீழே நீர்பெற்றோருள் தமிழரும் இருந்தனர். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட அதே ஆண்டு அது. இதனைப் பற்றி நோர்மன் அப்ஹொஃப் எழுதிய ஆங்கில நூல் 1992இல் வெளிவந்தது. நீர்முகாமை பயில்வோர் உலகெங்கும் அதனைப் படிக்கின்றனர். நம்மவர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

இந்நிகழ்ச்சியைக் காட்டி இன ஒற்றுமை மலர்ந்ததென்று பாட நான் வரவில்லை. இரண்டே ஆண்டுகளில் 1983 வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் போர் நடந்தது. கடைக்கோடிக் கிராமங்கள் மீண்டும் மீண்டும் எரிந்தன. போர் 2009இல் முடிந்த பின்னரும் கிழக்கில் காணித் தகராறுகள் ஓயவில்லை. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரையிலே மாடு வளர்ப்போர் 2023இல் வீதியோரம் அமர்ந்து போராட நேர்ந்தது. ஆயினும் 1981 கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. நீரைப் பகிரும் அதிகாரம் அதனைப் பயன்படுத்துவோரின் கையிலே, அவர்கள் முகத்துக்கு முகம் நோக்கி அமரும் கூட்டத்திலே வைக்கப்பட்டபோது, மேலே இருந்தவன் கீழே இருந்தவனை எண்ணிப் பார்த்தான். அதுவரை அவனைப் பற்றி எண்ண வேண்டிய தேவையே அவனுக்கு ஏற்பட்டிருக்கவில்லை. எண்ணும் வேலையை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே, இறந்த ஒரு பிரதமரைப் போற்றுவதா தூற்றுவதா என்ற வழக்கிலே நாம் காலத்தைப் போக்க வேண்டியதில்லை. சமுத்திரத்தின் பெயரைப் பட்டிப்பளை என்று மாற்றினாலும் துருசைத் திறப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே இருக்கும். அவரது படத்தை வீடெங்கும் மாட்டினாலும் அக்காவின் தம்பிமாருக்குக் காணி கிடைக்கப்போவதில்லை. நாம் கேட்க வேண்டியவை வேறு. ஒரு மாவட்டத்தின் காணியை அம்மாவட்டத்து மக்கள் மூவினத்தாரும் கூடியிருந்து பகிரும் மன்றம் எப்போது அமையும்? அனுமதிப்பத்திரம் எப்போது உறுதியாகும்? அம்மன்றத்திலே வேடருக்கும் பெண்ணுக்கும் இடம் உண்டா? சேனநாயக்கா இவற்றைக் கேட்கவில்லை. அவருடைய காலம் இவற்றை அவரிடம் வற்புறுத்திக் கேட்கவுமில்லை. அவருக்குப் பின்வந்தோர் கேள்வியை அறிந்தும் விடையைத் தள்ளிவைத்தனர். நாம் இதே வளாகத்திலே, இரு மொழியிலே, ஒரே வரலாற்றைத் தனித்தனியே படித்துக்கொண்டிருக்கிறோம். சேர்ந்து படிக்கத் தொடங்குவதற்கு எவருடைய அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை.